வீட்டில் ஆக்ஸிஜன் அளவு: கருவி, கணினிப் பதிவு, நடுவில் கெட்டுப்போகும் கணக்கு

#1 குமிழ்விளக்கு

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டத்தில் இருக்கும் அத்தைக்கு 71 வயது, சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்). விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் வாங்கி, காலையும் மாலையும் ரீடிங் எழுதிக்கிட்டு அடுத்த தவணைக்கு வரச் சொல்லியிருக்காங்க. இப்போ பார்க்கிறவங்க பார்க்கிற நேரத்தில் கருவியைப் படம் பிடிச்சு குடும்ப வாட்ஸ்அப்பில் போடுறாங்க. 97, 91, 95, 88ன்னு ஏறி இறங்கிக்கிட்டே இருக்கு. எது உண்மை, எது மாட்டின கோளாறுன்னு யாருக்கும் தெரியலை.

வீட்டில் ஒரு பழைய விண்டோஸ் லேப்டாப், ஒரு ஆண்ட்ராய்டு போன் இருக்கு. மழை பிடிச்சா இணையம் நின்னுடும். எந்தக் கருவி கணினியோடு இணையும், எந்த மென்பொருள் போட்டா டாக்டருக்குப் பயன்படும், என்னென்ன எழுதி வைக்கணும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 டிரசர்மகள்

மென்பொருளுக்குப் போறதுக்கு முன்னாடி விரலைப் பார்த்துடுவோம் தம்பி. தப்பா எடுத்த ரீடிங்கை எவ்வளவு அழகா வரைபடம் போட்டாலும் அது தப்புதான்.

அந்தக் கருவி விரலுக்குள் இரண்டு ஒளியை அனுப்புது. ஒன்று 660 நானோமீட்டர் சிவப்பு, இன்னொன்று 940 நானோமீட்டர் அகச்சிவப்பு. ஆக்ஸிஜன் ஏறிய ரத்தமும் ஏறாத ரத்தமும் இவற்றை வேறு வேறு அளவில் உறிஞ்சும். தோல், எலும்பு, சதை உறிஞ்சுவது மாறாமல் இருக்கும்; நாடி துடிக்கும்போது ஏறி இறங்கும் பகுதியை மட்டும் பிரிச்செடுத்துக் கணக்குப் போடணும். ஜப்பானில் தக்குவோ ஆவோயாகி 1974-ல் கண்ட வழி அது. அதனால்தான் துடிப்பு பலவீனமா இருக்கிற விரலில் கணக்கு தடுமாறும்.

இப்படி எடுங்க. அத்தையை நாற்காலியில் சாய்ந்து உட்கார வைங்க, 5 நிமிஷம் பேச்சு வேண்டாம். கையை மேசை மேல், நெஞ்சு உயரத்துக்கு வைக்கணும். விரல் குளிர்ந்திருந்தா தேய்ச்சுச் சூடாக்குங்க. ஆள்காட்டி விரலோ நடுவிரலோ, எப்பவும் அதே கை அதே விரல். நகம் நீளமா இருந்தா விரல் நுனி உள்ளே முட்டாது, வெட்டிடுங்க. மாட்டினதும் வரும் முதல் எண்ணை எழுதாதீங்க. 30 விநாடியிலிருந்து ஒரு நிமிஷம் வரைக்கும் பொறுத்து, அலைக்கோடு சீரா ஓடி, எண் 5 விநாடியாவது அசையாமல் நின்ற பிறகு எழுதணும். வாசலில் வெயில் நேரே விழும் இடத்தில் எடுக்க வேண்டாம்.

தோட்டத்துக் கைக்கு இன்னும் சில விஷயம் இருக்கு. பால் மரம் வெட்டின விரல் நுனி காய்ப்புக் காய்ச்சிருக்கும். ரப்பர் பால் காய்ஞ்சு கறுத்த கறை நக ஓரத்தில் ஒட்டியிருக்கும். கறையை எடுத்துட்டு, தோல் மெலிசா இருக்கிற விரலைத் தேர்ந்தெடுங்க. மருதாணி கறுக்கச் சிவந்த விரலும், கறுப்பு, நீலம், பச்சை நகப்பூச்சு போட்ட விரலும் வேண்டாம். சின்னதா இருக்குன்னு காதில் மாட்டிடாதீங்க. விரல் கருவி விரலுக்குத்தான் அளவு பார்த்துச் செய்தது.

கருவி காட்டும் நாடியையும், மணிக்கட்டில் நீங்க 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்கி வரும் நாடியையும் ஒப்பிடுங்க. இரண்டும் ஒத்து வரலைன்னா ஆக்ஸிஜன் எண்ணையும் நம்ப வேண்டாம். வாட்ஸ்அப் படத்தில் இருக்கிற அந்த 88-ல் நாடி என்ன காட்டுதுன்னு பாருங்க, பாதிக் கேள்விக்கு அங்கேயே பதில் இருக்கும்.

இதைக் கடைசிக்கு வைக்காமல் இப்பவே சொல்லிடறேன். உதடு நீலம் பூத்தாலோ, ஒரு வாக்கியத்தை மூச்சு விடாமல் முடிக்க முடியலைன்னாலோ, புத்தி தடுமாறினாலோ எண் 96 காட்டினாலும் 999-ஐ அழைங்க. லேப்டாப்பைத் திறக்கிற நேரம் இல்லை அது.

#3 காம்போர்ட்

அக்கா சொன்னதுக்கு அடுத்து அட்டவணை. ஒரு நாளைக்கு இரண்டு முறை எடுக்கிற ரீடிங்குக்குத் தனி மென்பொருள் எதுவும் தேவையில்லை. லிப்ரே ஆபிஸ் கால்க் போதும், இலவசம், இணையம் வேண்டாம். வீட்டில் மூணு பேர் மாறி மாறி எடுத்தால் கூகுள் ஃபார்ம் நல்லது. ஆனால் மழைக்கு நெட் போகிற இடத்தில் ஃபார்மை மட்டும் நம்பாதீங்க. சுவரில் நாட்காட்டி பக்கத்தில் ஒரு தாள், கயிறு கட்டின பேனா. தாளில் எழுதுறதை வாரத்துக்கு ஒரு நாள் கணினியில் ஏத்தினா போதும்.

பத்திகள்: தேதி, நேரம், எஸ்பிஓ2 (கருவி காட்டும் ஆக்ஸிஜன் சதவீதம்), நாடி, பிஐ, நிலை, ஆக்ஸிஜன் லிட்டர், குறிப்பு. பிஐ என்பது அந்த விரலில் துடிப்பு எவ்வளவு பலமா வருதுன்னு காட்டும் எண். சில கருவிகளில் மட்டும் இருக்கும். அத்தையோட வழக்கமான பிஐ 3 பக்கம் இருந்து, ஒரு நாள் 0.3-ல் 89 வந்தா, நான் முதலில் கையைச் சூடாக்கித் திரும்ப எடுப்பேன்.

"நிலை" பத்தியைக் கையால் அடிக்க விடாதீங்க. டேட்டா வேலிடிட்டி (கட்டத்தில் எதை எழுதலாம்னு கட்டுப்படுத்தும் வசதி) போட்டு, உட்கார்ந்து, நடந்தபின், படுத்து என்ற மூணு சொல்லில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற மாதிரி வைங்க. ஒருத்தர் "நடந்தபின்", இன்னொருத்தர் "நடந்த பிறகு", பேரன் "வாக்கிங்" என்று எழுதினால் வடிகட்டும்போது மூணும் மூணு வகையா நிற்கும். எஸ்பிஓ2 கட்டத்துக்கு 70 முதல் 100 வரை மட்டும் ஏற்கும்படி வைத்தால், கைதவறி அடிச்ச எண்கள் பல அங்கேயே மாட்டிக்கும்; ஆனால் 80 மாதிரி நாடியை ஆக்ஸிஜன் கட்டத்தில் இடம் மாத்தி எழுதினால் மாட்டாது, அதைக் கண்ணால்தான் பார்க்கணும். ஆக்ஸிஜன் லிட்டர் கட்டத்தை வெறுமையா விடாதீங்க. சாதாரணக் காற்றில் எடுத்தா 0 போடணும்; வெற்றுக் கட்டத்தைப் பார்த்தா மறந்தாங்களா, காற்றில் எடுத்தாங்களான்னு டாக்டருக்குத் தெரியாது.

வரைபடத்தில் கட்டாயம் மாத்த வேண்டியது நிற்கும் அச்சு. கணினி தானாகத் தேர்ந்தெடுத்தால் 96-க்கும் 98-க்கும் நடுவில் மலையும் பள்ளமுமா காட்டி வீட்டையே பயமுறுத்திடும். குறைந்தது 80, அதிகம் 100 என்று கையால் போடுங்க. 80-க்குக் கீழ் ஒரு புள்ளி உண்மையிலேயே விழுந்தா அப்போ இறக்கிக்கலாம். வாரக் கணக்குக்குச் சராசரி வேண்டாம், மீடியன் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்) போடுங்க. 94, 93, 94, 95, 71, 94, 93 என்ற ஏழு எண்ணில் சராசரி 90.6, மீடியன் 94. அந்த ஒற்றை 71 கழன்ற விரலா இருந்தா, சராசரி முழு வாரத்தையும் கெடுத்துடும்.

கூகுள் ஷீட் வைக்கிறவங்க முதலில் அமைப்புகளுக்குள் போய் இடத்தை மலேசியான்னும், நேர மண்டலத்தை கோலாலம்பூர்னும் மாத்துங்க. இடம் அமெரிக்கான்னு கிடந்தால் 03/04 என்பது ஏப்ரல் 3 ஆகாமல் மார்ச் 4 ஆகிடும். நேரம் அமெரிக்க மேற்குக் கரையில் கிடந்தால் காலை 8 மணி ரீடிங் முந்தின நாள் மாலையில் போய் உட்கார்ந்துக்கும். காலை ரீடிங் மாலையா மாறினதை யாரும் கவனிக்க மாட்டாங்க.

#4 மருந்துச்சீட்டு

கருவி வாங்குவது பற்றிச் சொல்கிறேன். மலேசியாவில் மருத்துவச் சாதனங்கள் 2012-ஆம் ஆண்டின் 737-ஆம் சட்டத்தின் கீழ் வருகின்றன. மருத்துவச் சாதன ஆணையத்தில் பதிவான கருவியா என்று கடையில் பதிவு எண்ணைக் கேளுங்கள். ஆணையத்தின் இணையத் தேடலில் சரிபார்க்கலாம். இரவுச் சந்தையில் பெயரில்லாப் பெட்டியில் வரும் கருவிகளில் சில, விரலுக்குப் பதில் பென்சிலை மாட்டினாலும் 98 காட்டும். கடையிலேயே அப்படிச் சோதித்துப் பாருங்கள். நல்ல கருவி விரல் இல்லை என்றோ வெறும் கோடுகளோதான் காட்ட வேண்டும்.

நல்ல கருவிக்கும் பிழை உண்டு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ 2013-இல் வெளியிட்ட வழிகாட்டி, விரலில் மாட்டும் கருவிகளுக்குப் பிழை அளவு 3-க்குள் இருக்க வேண்டும் என்றது. ஐஎஸ்ஓ என்ற பன்னாட்டுத் தரம் 4 வரை விடுகிறது. பெட்டியில் "±2" என்று போட்டிருந்தால், ஒவ்வொரு ரீடிங்கும் 2-க்குள் இருக்கும் என்று பொருளில்லை. தமனி ரத்தத்தை எடுத்துப் பார்க்கும் அளவோடு ஒப்பிட்டால், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ரீடிங்குகள் அந்த எல்லைக்குள் வரும். மீதி வெளியே போகும். ஆகவே 95 நேற்று, 94 இன்று என்றால் எதுவும் மாறவில்லை என்றே கொள்ளுங்கள்.

நம் ஆட்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது தோல் நிறம். 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த அமெரிக்க ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டிய அளவீடுகளில் உண்மையான தமனி அளவு 88-க்கும் கீழே இருந்தது வெள்ளையரிடம் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரிடம் 11.7 சதவீதம். அந்த ஆய்வில் தமிழர் தனியாகக் கணக்கிடப்படவில்லை. ஆனால் கறுத்த தோலில் கருவி கூடுதலாகக் காட்டும் வாய்ப்பு அதிகம் என்ற திசை தெளிவு. 93-ஐப் பார்த்து நிம்மதி அடைவதைவிட, அத்தைக்கு வழக்கமாக எவ்வளவு, அதிலிருந்து எவ்வளவு இறங்கியது என்று பார்ப்பதே பாதுகாப்பு.

#5 குமிழ்விளக்கு

ரொம்ப நன்றி. அப்படின்னா அட்டவணையிலேயே எல்லா எண்ணிலும் 3 கழிச்சுப் போட்டுடலாமா? அத்தை நல்ல கறுப்பு.

#6 மருந்துச்சீட்டு

வேண்டாம். பிழை நிலையான எண் அல்ல. ஆளுக்கு ஆள், கருவிக்குக் கருவி மாறும். அளவு இறங்க இறங்கக் கூடவும் செய்யும். ஒரே ஆளுக்கே இன்று 1, நாளை 4 என்று இருக்கலாம். கழித்து எழுதிய தாளை டாக்டரிடம் காட்டினால் அவரும் மனத்துக்குள் ஒரு 3 கழிப்பார். இல்லாத நோய் எழுந்து நிற்கும். கருவி காட்டியதை அப்படியே எழுதுங்கள்.

செய்யத்தக்கது ஒன்று உண்டு. மருத்துவமனையில் ஏபிஜி என்று மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுக்கும் நாள் வந்தால், வீட்டுக் கருவியைக் கொண்டுபோய் அதே நிமிடத்தில் மற்றக் கையில் மாட்டுங்கள். இரண்டு எண்ணையும் தேதியோடு குறிப்புப் பத்தியில் எழுதுங்கள். அந்த ஒரு வரி ஒரு மாத ரீடிங்கைவிட டாக்டருக்கு உதவும்.

#7 டிரசர்மகள்

இதோடு சேர்த்து இரண்டு. ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்குன்னுதான் இந்தக் கருவி சொல்லும்; ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்குன்னு சொல்லாது. ரத்தச் சோகையோ தலசீமியாவோ இருந்தால் 98 காட்டிக்கிட்டே உடம்பு ஆக்ஸிஜனுக்குத் தவிக்கலாம். இரண்டாவது, புகை. கார்பன் மோனாக்சைடு பிடிச்ச ஹீமோகுளோபினையும் இந்தக் கருவி ஆக்ஸிஜன் ஏறினதாவே எண்ணிக்கும். விறகடுப்பு முன்னால் உட்கார்ந்து எழுந்த உடனேயோ சிகரெட் பிடிச்ச உடனேயோ எடுக்கிற நல்ல எண்ணை நம்பாதீங்க.

எச்சரிக்கை எல்லையைப் பொதுவா 94ன்னு வைக்கிறதையும் நிறுத்துங்க. சாதாரண ஆளுக்கு 95-க்கு மேல் இருக்கணும், சரி. சிஓபிடியில் கரியமில வாயு தேங்கும் அபாயம் உள்ளவங்களுக்கு ஆக்ஸிஜன் கொடுக்கும்போது டாக்டர்கள் வைக்கிற இலக்கே 88 முதல் 92. அத்தைக்கு எந்த எண்ணில் போன் பண்ணணும், எந்த எண்ணில் நேரே அவசரப் பிரிவுக்கு வரணும்னு கிளினிக்கில் கேட்டு, அந்த இரண்டு எண்ணையும் சுவர்த் தாளின் தலையில் பெரிசா எழுதி வைங்க.

97-லிருந்து 94-க்கு இறங்குறதும் 90-லிருந்து 87-க்கு இறங்குறதும் ஒன்னு இல்லை. 90 சதவீதம் என்பது தமனியில் ஆக்ஸிஜன் அழுத்தம் 60 மில்லிமீட்டர் (பாதரச அளவு) பக்கம். அழுத்தத்தையும் சதவீதத்தையும் வரைபடமா போட்டா, அதுக்கு மேலே கோடு தட்டையா போகுது. அழுத்தம் நிறைய மாறினாலும் சதவீதம் கொஞ்சம்தான் அசையும். அதுக்குக் கீழே சரிவு செங்குத்து. அட்டவணையில் எண்ணுக்கு ஏத்த நிறம் காட்டும் விதி வைக்கிறவங்க இதை மனசில் வைங்க.

#8 காம்போர்ட்

இனி நேரடியா கணினியில் இறங்குகிற கருவி. எளிதா கிடைக்கிறது கான்டெக் சிஎம்எஸ்50டி+. பெயரில் அந்த "+" இருக்கணும். வெறும் சிஎம்எஸ்50டி-க்கு நினைவகமும் கிடையாது, யூஎஸ்பியும் கிடையாது. பார்க்க இரண்டும் ஒன்னா இருக்கும், கடைக்காரரே மாத்திக் கொடுத்துடுவாங்க. டி+ விநாடிக்கு ஒரு ரீடிங் வீதம் 24 மணி நேரம் பிடிச்சு வைக்கும்.

பெட்டியோடு வந்த கேபிளையே போடுங்க. போன் சார்ஜர் கேபிள்களில் பலதில் டேட்டா கம்பியே இருக்காது, விளக்கு மட்டும் எரியும். செருகினதும் டிவைஸ் மேனேஜரில் போர்ட்ஸ் என்ற தலைப்பின் கீழ் சிலிக்கான் லேப்ஸ் சிபி210எக்ஸ் என்று ஒரு காம் எண் வரணும். மஞ்சள் குறி இருந்தா டிரைவர் இல்லை, சிலிக்கான் லேப்ஸ் தளத்திலிருந்து இறக்குங்க. எதுவுமே வரலைன்னா கேபிள். டிரைவர் சரி, கேபிள் சரி, மென்பொருள் மட்டும் காணலைன்னு சொன்னால், வேறொரு மென்பொருள் அதே காம் போர்ட்டைப் பிடிச்சு வைச்சிருக்கும். எல்லாத்தையும் மூடிட்டு ஒன்னை மட்டும் திறங்க.

காலையில் முதல் வேலையா இறக்கிடணும். அடுத்த பதிவை ஆரம்பிச்சா முந்தினது அழிஞ்சிடும்.

#9 பச்சைத்திரை

லினக்ஸ்காரங்களுக்கு டிரைவர் வேலையே இல்லை, சிபி210எக்ஸ் கெர்னலோடயே வருது. அனுமதி இல்லைன்னு சொன்னா உங்க பயனரை டயல்அவுட் குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி நுழையுங்க.

சொந்தமா பைத்தானில் எழுத நினைக்கிறவங்களுக்கு, பழைய சிஎம்எஸ்50 வகை நேரடி ஓட்டத்தின் அமைப்பு: வேகம் 19200, 8 பிட், ஒற்றைப் பாரிட்டி, 1 ஸ்டாப் பிட். விநாடிக்கு 60 பொட்டலம், பொட்டலத்துக்கு 5 பைட். முதல் பைட்டின் உச்சி பிட் 1, மற்ற நான்கிலும் 0. பொட்டலம் எங்கே தொடங்குதுன்னு அதை வைத்துத்தான் பிடிக்கணும். இரண்டாவது அலைக்கோடு, நான்காவது நாடி, ஐந்தாவது எஸ்பிஓ2. இங்கே தவறுற இடம் ஒன்னு இருக்கு. நாடிக்கு 7 பிட்தான் நான்காவது பைட்டில். எட்டாவது பிட் மூன்றாவது பைட்டின் 6-ஆம் பிட்டில் ஒளிஞ்சிருக்கு. அதைச் சேர்க்காமல் விட்டால் நாடி 127 தாண்டினதும் 130 என்பது 2ன்னு விழும். 4.6 பதிப்பிலிருந்து வேகம் 115200, பொட்டல அமைப்பும் வேறு; பழைய நிரலைப் போட்டால் குப்பைதான் வரும்.

புளூடூத் கருவி வாங்குறவங்க ஒன்னு பாருங்க. புளூடூத் அமைப்பே ஆக்ஸிமீட்டருக்குன்னு 1822 என்ற ஹெக்ஸ் (பதினறும) எண்ணில் ஒரு பொதுச் சேவை வகுத்திருக்கு. அது உள்ள கருவியிலிருந்து எந்த மென்பொருளும் படிக்கலாம். பெரும்பாலான மலிவு கருவிகள் அதை விட்டுட்டு சொந்த மொழியில் பேசும். அந்தக் கம்பெனி செயலி நின்னுபோனால் உங்க பதிவும் அதோடு நின்னுபோகும். என்ஆர்எஃப் கனெக்ட் என்ற இலவசச் செயலியால் கருவியைத் தொட்டுப் பார்த்தால் எந்தச் சேவை இருக்குன்னு தெரியும். குறைந்தபட்சம் சிஎஸ்வி (எந்த அட்டவணை மென்பொருளும் திறக்கும் எளிய) கோப்பா வெளியே எடுக்க வழி இல்லாத செயலியை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

#10 தூக்கக்கணக்கு

இரவு முழுக்கப் பதிவு செய்தால் பகல் ரீடிங்கில் தெரியாத விஷயம் தெரியும். அதற்கு ஆஸ்கர் என்ற இலவசத் திறமூல மென்பொருள் இருக்கிறது. ஸ்லீப்பிஹெட் 2019-இல் நின்ற பிறகு அதிலிருந்து கிளைத்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். சிபாப் (தூக்கத்தில் மூச்சுப்பாதை அடையாமல் காற்றழுத்தம் கொடுக்கும்) இயந்திரத்துக்கு என்று எழுதப்பட்டாலும் ஆக்ஸிமீட்டர் பதிவையும் வாங்கிக்கொள்ளும்; சிஎம்எஸ்50 வகை, வெல்யூ ஓ2ரிங் இரண்டையும் படிக்கும். ஆக்ஸிமீட்டர் வழிகாட்டியைத் திறந்து, கருவியை இணைத்து, தொடங்கிய நேரத்தைக் கேட்கும்போது கவனமாகப் போடுங்கள். கருவியின் கடிகாரத்தை நம்பாமல், பதிவைத் தொடங்கிய நேரத்தைத் தாளில் எழுதி வைப்பது நல்லது.

செம்பனை ஆலையில் இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர்களுக்கு ஒரு சிக்கல் வரும். ஆஸ்கர் ஒரு நாளைப் பகல் 12 மணியில் பிரிக்கிறது. காலை 9-க்குப் படுத்து, நடுவில் எழுந்து, 12-க்குப் பிறகு பதிவை மறுபடி தொடங்கினால் ஒரே தூக்கம் இரண்டு நாளாகப் பிரியும். விருப்பத் தேர்வுகளில் நாள் பிரியும் நேரத்தை மாலை 6-க்கு நகர்த்துங்கள்.

கோட்டின் வடிவத்தைப் படியுங்கள். ஒவ்வொரு நிமிடமும் இறங்கி ஏறும் ரம்பப் பல் வரிசை தூக்கத்தில் மூச்சு அடைபடுவதைக் காட்டும். டாக்டரிடம் அதைப் பிரித்துக் காட்டுங்கள். விடியற்காலைப் பக்கம் மெல்லச் சரிந்து அரை மணி நேரம் கீழேயே கிடக்கும் பள்ளம் சிஓபிடியில் அடிக்கடி வரும். ஒரே விநாடியில் 95-லிருந்து 62-க்கு விழுந்து அடுத்த விநாடியே 95-க்கு ஏறினால் அது உடம்பு செய்ததல்ல. ரத்தம் அவ்வளவு வேகமாக இறங்காது. அதே இடத்தில் நாடியும் குதித்திருக்கும். புரண்டு படுத்துக் கை நசுங்கியிருக்கும், அல்லது விரல் கழன்றிருக்கும்.

90-க்குக் கீழ் எத்தனை சதவீத நேரம் என்ற கணக்கைக் கால்க்கில் போடுகிறவர்கள் முதலில் குப்பையை நீக்குங்கள். விரல் கழன்ற விநாடிகளைக் கருவி 0 என்றோ 127 என்றோ எழுதும். 8 மணி நேரப் பதிவில் 28,800 வரி. அதில் உண்மையில் 90-க்குக் கீழ் 1,440 வரி, அதாவது 24 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். விரல் கழன்ற 600 வரியில் 0 இருந்து, அவற்றையும் "90-க்குக் கீழ்" என்று எண்ணிவிட்டால் 7.1 சதவீதம் வரும். நீக்கிவிட்டு மீதி 28,200-ஆல் வகுத்தால் 5.1. கவுண்டிஃப்ஸ் சூத்திரத்தில் "50-க்கு மேல், 90-க்குக் கீழ்" என்று இரண்டு நிபந்தனையும் வேண்டும். வகுக்கும் எண்ணிலும் 50 முதல் 100 வரையுள்ள வரிகளை மட்டும் எண்ண வேண்டும்.

#11 டிரசர்மகள்

எனக்கு இதில் கொஞ்சம் மறுப்பு இருக்கு அண்ணே. 71 வயசுக்காரங்க விரலில் இரவெல்லாம் கவ்வியை மாட்டி, அதில் அலாரமும் வைத்தால் யாரும் தூங்க மாட்டாங்க. தூங்காத இரவின் பதிவு தூக்கத்தைப் பத்தி என்ன சொல்லும்? வீட்டு ஆளுங்களும் விடிஞ்சதும் 28,000 புள்ளியைப் பார்த்துப் பயந்துக்குவாங்க. டாக்டர் கேட்காத வரைக்கும் தினமும் இரவுப் பதிவு வேண்டாம்னுதான் சொல்லுவேன்.

#12 தூக்கக்கணக்கு

தினமும் வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அடுத்தடுத்து இரண்டு மூன்று இரவு போதும். முதல் இரவை ஒதுக்கிவிட்டு மற்றதைப் பாருங்கள். அலாரத்தை அணைத்துவிடுங்கள், பதிவுக்கு அலாரம் தேவையில்லை. கவ்வி விரலை அழுத்துகிறது என்றால் மோதிரம் போல் மாட்டும் ஓ2ரிங் வகை இதம்; 4 விநாடிக்கு ஒரு ரீடிங் எடுக்கும். 28,800-க்குப் பதில் 7,200 வரிதான் வரும் என்பதால் சூத்திரத்தில் வரி எண்ணிக்கையை நேரமாக மாற்றும்போது 4-ஆல் பெருக்க மறக்கக் கூடாது. இரண்டு கருவியின் இறக்க எண்ணிக்கையை ஒன்றோடொன்று ஒப்பிடவும் வேண்டாம். உள்ளே சராசரி எடுக்கும் நேரம் வேறு வேறு.

காலை எழுந்ததும் தலைவலி, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூக்கம், காலில் வீக்கம் என்று இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்காமல் தள்ளிப்போடாதீர்கள்.

#13 குமிழ்விளக்கு

டாக்டர் கேட்டால் மட்டும் இரவுப் பதிவு, புரிஞ்சுது. வீட்டில் வாடகைக்கு எடுத்த ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரிச்சுத் தரும் இயந்திரம்) இருக்கு, 1 லிட்டரில் வைக்கச் சொல்லியிருக்காங்க. ரீடிங் இறங்கினா 2-க்கு ஏத்தலாமா? புகைமூட்டக் காலத்துக்குன்னு தனிப் பத்தி வேணுமா?

#14 டிரசர்மகள்

கேட்காமல் ஏத்தாதீங்க. கரியமில வாயு தேங்குற ஆளுக்கு ஆக்ஸிஜன் கூடினால் எண் அழகா 97 காட்டும், ஆள் மயங்கிக்கிட்டே போவாங்க. எண் ஏறுதேன்னு வீட்டில் சந்தோஷப்பட்டுக்கிட்டு இருப்பாங்க. அதனாலதான் இதை அழுத்திச் சொல்றேன்.

ரீடிங் இறங்கினால் முதலில் குழாயைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரைக்கும் கையால் தடவிப் பாருங்க. நாற்காலி கால் ஏறியிருக்கும், மடிஞ்சிருக்கும், உள்ளே தண்ணி தேங்கியிருக்கும். அளவுக் குழலில் மிதக்கும் குண்டின் நடுப்பகுதி 1 என்ற கோட்டில் நிற்கணும், உச்சி இல்லை. தண்ணி பாட்டில் மூடி கோணலா திருகியிருந்தால் காற்று அங்கேயே வெளியே போயிடும். மூக்குக் குழாய் நுனியை ஒரு குவளைத் தண்ணியில் விடுங்க, குமிழி வரலைன்னா கசிவு இருக்கு. வெளிப்புறப் பஞ்சு வடிகட்டியை வாரம் ஒரு தடவை கழுவி நல்லா காய வைத்து மாட்டுங்க. எல்லாம் சரி, விரலும் சூடு, அப்பவும் இறங்கியே இருந்தா கிளினிக்குக்குப் போன்.

சாமி விளக்கு, கற்பூரம், கொசுவர்த்தி, அடுப்பு எல்லாம் 3 மீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கணும். லயத்து வீட்டில் சாமி மாடம் பெரும்பாலும் அதே முன்னறையில்தான் இருக்கும். இயந்திரத்தை அறை மாத்துங்க, இல்லைன்னா மின் விளக்கு போடுங்க. மூக்குக் குழாயோடு யாரும் விளக்கேத்தப் போக வேண்டாம். தைலம், வாசலின் மூக்கில் தடவ வேண்டாம்.

கரண்ட் போனால் கான்சன்ட்ரேட்டர் அப்படியே நின்னுடும். மாற்று சிலிண்டருக்கு வாடகைக்கு விட்டவங்ககிட்ட இப்பவே பேசி வைங்க. மின்சாரக் கம்பெனி டிஎன்பியின் புகார் எண் 15454-ஐ அதே சுவர்த் தாளில் எழுதிடுங்க.

#15 காம்போர்ட்

புகைமூட்டத்துக்கு ஒரு பத்தி போடுங்க, நல்ல யோசனை. சுற்றுச்சூழல் துறை தளத்தில் பக்கத்து நிலையத்தின் ஐபியூ (காற்று மாசு குறியீட்டு) எண் இருக்கும்; ரீடிங் எடுக்கிற நேரத்து எண்ணை எழுதினால் போதும். 101-லிருந்து உடல்நலத்துக்குக் கேடுன்னு கணக்கு. கேமரன் மலைக்குச் சொந்தக்காரங்க வீட்டுக்குப் போய்த் தங்கினால் அதையும் குறிப்பில் எழுதுங்க. தானா ராத்தாவும் பிரிஞ்சாங்கும் 1,400 மீட்டருக்கு மேலே. அங்கே ஓரிரு எண் குறையும், குளிரில் விரலும் விறைச்சிருக்கும். எழுதாமல் விட்டால் அந்த வாரம் மட்டும் நோய் முத்தின மாதிரி தெரியும்.

தவணைக்குக் கொண்டுபோறது ஒரே பக்கமா இருக்கட்டும். மேலே வரைபடம், 80 முதல் 100 அச்சு. கீழே வாரத்துக்கு ஒரு வரி: உட்கார்ந்து எடுத்ததின் மீடியன், மிகக் குறைந்தது, நடந்தபின் எடுத்ததின் மீடியன், எத்தனை ரீடிங். கோப்பில் மைகாட் எண் வேண்டாம். பேரின் முதலெழுத்து போதும், முழுப் பேரை அச்செடுத்த தாளில் பேனாவால் எழுதிக்கலாம். குடும்பத்துக்கு அனுப்புற இணைப்பை "பார்க்க மட்டும்"னு வைங்க, இல்லைன்னா யாராவது போனில் தொட்டு ஒரு பத்தியை அழிச்சிடுவாங்க.

#16 பச்சைத்திரை

போன் கேமராவில் விரல் வைத்தால் ஆக்ஸிஜன் காட்டுற செயலிகளைப் பத்தி யாராவது கேட்கும் முன்னாடி சொல்லிடறேன். கேமராவுக்குள் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி இருக்கு, போன் விளக்கிலும் 940 வராது. நாடியை ஓரளவு எண்ணலாம். ஆக்ஸிஜன் எண்ணை அத்தை விஷயத்தில் எடுக்கவே எடுக்காதீங்க.

#17 குமிழ்விளக்கு

அந்த 88 படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தேன் அக்கா. நாடி 41 காட்டுது, அலைக்கோடு கிட்டத்தட்ட தட்டை. மத்த படங்களில் நாடி 80 பக்கம். சுவர்த் தாளை இன்னைக்கே வரையறோம். கருவியைத் தவணைக்கும் எடுத்துட்டுப் போகணுமா?

#18 டிரசர்மகள்

எடுத்துட்டுப் போங்க. நர்ஸ் அவங்க கருவியை மாட்டும்போது உங்களோடதைப் பக்கத்து விரலில் மாட்டி, இரண்டு எண்ணையும் தேதியோடு எழுதிக்குங்க. அந்த 88 வரியை அட்டவணையிலிருந்து அழிக்க வேண்டாம். குறிப்பில் "நாடி 41, அலை இல்லை"ன்னு எழுதி, மீடியன் கணக்கிலிருந்து மட்டும் விலக்குங்க. நாடி உண்மையிலேயே 41-க்கு இறங்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு. அடுத்த தடவை அப்படிக் காட்டினால் மணிக்கட்டில் எண்ணிப் பாருங்க. அங்கேயும் 41 வந்தா தவணை வரைக்கும் காத்திருக்காமல் அன்னைக்கே கூட்டிட்டுப் போங்க. பேட்டரி இரண்டு ஏஏஏ, உபரியா ஒரு ஜோடி பையில் இருக்கட்டும்.